வந்துட்டேன் என்று சொல்ல ஓர் ஆள்

எங்கள் கோட்டைக்குப்பத்தில் ஏரிக்குத் தனியாகப் போகிறவர், எந்தப் பக்கம் போகிறேன் என்று கரையில் இருக்கும் ஒருவரிடம் சொல்லிவிட்டுத்தான் படகைத் தள்ளுவார். திரும்பியதும், வீட்டுக்குப் போகும் முன் அதே ஆளுக்கு முகம் காட்ட வேண்டும். மீன் கிடைத்ததா என்பதெல்லாம் அப்புறம். முகம் காட்டாவிட்டால் அந்த ஆளுக்குச் சோறு இறங்காது. இருட்டுவதற்குள் இன்னொரு படகு அவரைத் தேடிக் கிளம்பிவிடும்.

நான் வியட்நாமுக்குத் தனியாகப் போகிறேன் என்றதும் நைனா கேட்டது இதைத்தான்.

"கரையில யாரு இருப்பாங்க?"

"ஓட்டல்ல ஆளு இருப்பாங்க நைனா."

"ஓட்டல்காரன் ரூமுக்குச் சாவி குடுப்பான். நீ வரலன்னா தேடுவானா?"

அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "இன்னாயா இது? பொண்ணு ஏரோப்ளேன்ல போவுது. நீ இன்னாமோ எறா புடிக்க அனுப்புற மாரி பேசிகினு கீற."

"எதுல போனா இன்னா? போறது தனியாத்தான?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "ஞாயித்துக்கெழமைக்குள்ள, உன்ன காணோம்னா தேடுற ஆளு ஒருத்தர போன்ல காட்டு. இல்லன்னா திரும்பி வந்துடு."

சரி என்றேன். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். முதல் பாஸ்போர்ட்டும் என்னுடையதுதான். காட்டுப்பள்ளி துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்துச் சேர்த்த சம்பளத்தில் இந்தப் பயணம். ஒரு ஆளைப் பிடிப்பதா கஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

வியட்நாமில் ஹுவே நகரத்து விடுதியில் வரவேற்பு மேசையில் இருந்த பையனிடம், ஆற்றங்கரைப் பக்கம் போகிறேன், மதியம் வந்துவிடுவேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவன் உடனே படகுச் சவாரித் தாள் ஒன்றை எடுத்து நீட்டினான். வேண்டாம், சும்மா சொன்னேன் என்றேன். வாடகை ஸ்கூட்டர் வேண்டுமா என்றான். மதியம் திரும்பி வந்து அவன் முன்னால் நின்று, வந்துவிட்டேன் என்றேன். அவன் பதறிப்போய் என்னோடு மாடிக்கு வந்து ஏசியைச் சரிபார்த்துவிட்டுப் போனான்.

சாயங்காலம் நைனா போனில் கேட்டார். "ஆளு கெடச்சாங்களா?"

"ஏசி ரிப்பேர்னா தேடி வர்ற ஆளு கெடச்சிருக்கார் நைனா."

"சிரி, சிரி. ஞாயித்துக்கெழம கிட்ட வந்துகினு கீது."

மறுநாள் முதுகுப்பையைத் தூக்கிக்கொண்டு நகரத்துக்கு வெளியே காயலோரத்து ஊர் ஒன்றுக்கு பஸ் ஏறினேன். இறங்கியதும் சிரிப்பு வந்தது. இவ்வளவு தூரம் பறந்து வந்து மறுபடியும் ஒரு ஏரிக்கரையில்தான் நிற்கிறேன். சேறு அதே வாசனை. தண்ணீருக்குள் நட்ட கம்புகளும் வலைகளும்கூட எங்கள் ஊர் போலத்தான். படகின் மூக்கு மட்டும் வேறு மாதிரி.

நான் எடுத்த அறைக்கு எதிரே, கரைமேட்டில் ஓர் அக்கா காபிக்கடை வைத்திருந்தார். குட்டி பிளாஸ்டிக் முக்காலிகள், கண்ணாடி டம்ளருக்கு மேல் சொட்டுச் சொட்டாக இறங்கும் காபி. போனில் மொழிபெயர்ப்பைத் தட்டி, அந்தக் கம்புகள் இருக்கும் பக்கம் நடந்துவிட்டு வருகிறேன் என்று அவருக்குக் காட்டினேன். தலையாட்டினார். திரும்பி வந்து முகம் காட்டினேன். காபி கொண்டுவந்து வைத்தார். வைத்த பிறகு எப்படி வேண்டாம் என்பது? குடித்தேன். மாலையிலும் சொல்லிவிட்டுப் போனேன், வந்து நின்றேன், இன்னொரு காபி. கரையில் ஆள் கிடைத்தாரோ இல்லையோ, தூக்கம் போனது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அக்காவைப் போனில் காட்டி, இவங்கதான் நைனா என்று சொல்லிவிடலாம். ஆனால் அக்கா தேடுவாரா என்று எனக்கே தெரியாது; நைனா என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். எனக்கும் பொய் சொல்லப் பிடிக்கவில்லை. திரும்பும் டிக்கெட்டை முன்னால் மாற்ற முடியுமா என்று பார்த்தேன். முடியும் என்று வந்தது. இன்னும் தெற்கே போகவேண்டிய ஊர்கள் எல்லாம் மீதி இருந்தன.

அன்றும் கடையில் சொல்லிவிட்டுத்தான் நடந்தேன். கம்புகளைத் தாண்டி, முழங்கால் தண்ணீரில் பெண்கள் சிலர் மட்டிச் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் நான் செய்த வேலை அது. பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். என் கை சேற்றுக்குள் போய் மட்டியோடு வருவதைப் பார்த்து அவர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தி தன் கூடையை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

திடீரென்று மழை கொட்டியது. எல்லோரும் படகில் ஏறி எதிர்க்கரையில் ஒரு கொட்டகைக்குப் போனோம். வேகவைத்த மட்டியும் சோறும் கொடுத்தார்கள். மழை விடவில்லை. என் போன் அணைந்துபோயிருந்தது. வெளிச்சம் மங்கும் நேரத்தில்தான் அவர்கள் என்னை இந்தக் கரையில் இறக்கிவிட்டுப் போனார்கள்.

கடை மூடியிருந்தது. முக்காலிகளை அடுக்கிக் கட்டியிருந்தார்கள். அக்கா மட்டும் மழைக்கோட்டோடு மேட்டில் நின்று கம்புகள் இருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பின்னாலிருந்து வருவதைக் கண்டதும் பேச ஆரம்பித்தார். நிறுத்தவில்லை. ஒரு கையை இடுப்பில் வைத்து, மறு கையால் தண்ணீரையும் வானத்தையும் என்னையும் மாறிமாறிக் காட்டித் திட்டினார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. திட்டிக்கொண்டே கடையைத் திறந்து, துண்டைத் தூக்கி என் தலையில் போட்டு, என் போனைப் பிடுங்கி சார்ஜில் செருகினார்.

போனுக்கு உயிர் வந்ததும் நைனா வீடியோவில் கூப்பிட்டார். அங்கே இன்னும் வெயில் இருந்தது.

"எங்க போயிட்ட? எத்தினி வாட்டி போடறது?"

"மழ, நைனா."

"பின்னால யாரு அது? இன்னா சொல்றாங்க?"

"தெரில. திட்றாங்க."

"எதுக்கு?"

"இவங்ககிட்ட சொல்லிட்டுப் போனேன். முகம் காட்ட லேட்டாயிடுச்சு."

அதற்குள் ஒரு படகின் இஞ்சின் சத்தம் நெருங்கியது. நனைந்து ஒழுகிய ஒருவர் கரையேறினார். அக்கா அவரைப் பார்த்து ஏதோ கத்திவிட்டு என்னைக் காட்டினார். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"அந்தாளு யாரு?" என்றார் நைனா.

"இவங்க வூட்டுக்காரர்."

"இந்த மழையில எங்க போயிட்டு வர்றாரு?"

"என்ன தேடிட்டு."

நைனா போனுக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்தார். பிறகு, "போன அவரு பக்கம் திருப்பு" என்றார். திருப்பினேன். நைனா வலது கையைத் தலைக்கு மேல் உயர்த்தினார். தூரத்துப் படகுக்கு எங்கள் ஆட்கள் காட்டுவது போல. இவரும் உட்கார்ந்தபடியே கையை உயர்த்தினார்.

"சரி. அடுத்தது எந்த ஊரு?" என்று என்னைக் கேட்டார் நைனா.

சொன்னேன்.

"போன்ல சார்ஜ் வச்சிக்கோ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அக்கா திட்டி முடித்திருந்தார். என் முன்னால் ஒரு காபி வந்து உட்கார்ந்தது. நான் கேட்கவே இல்லை. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.