விழிக்க மறுத்த கணினியும் ஒரு முகமும்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மனிதர்கள் மேல் வந்தால்கூடப் பரவாயில்லை, ஃபர்ம்வேர் மேல் வருகிறது. கணினிக்கு மின்சாரம் கிடைத்ததும் எல்லாவற்றுக்கும் முன்னால் விழிப்பது அந்தச் சின்ன நிரல்தான். நான் வேலை செய்வது கெர்னலில், அதாவது இயங்குதளத்தின் அடிமட்டத்தில். கெர்னல் கண் திறந்ததும் ஃபர்ம்வேரிடம் நினைவகத்தின் வரைபடத்தைக் கேட்கும். இதில் எது என் இடம், எது உனக்கு ஒதுக்கியது? அது சொல்வதை நம்பித்தான் ஆக வேண்டும், வேறு யாரிடம் போய்க் கேட்பது? அதை எழுதிய புண்ணியவான்களோ லேப்டாப் விற்றுத் தீர்ந்ததும் கையைக் கழுவிக்கொள்வார்கள். பழைய மாடல், இனி திருத்தம் கிடையாது என்று ஒரு வரியில் பதில் வரும். அப்புறம் அவர்கள் செய்த குளறுபடியைச் சுற்றிக்கொண்டு போக நாங்கள் வழி போட வேண்டும். என் பிழைப்பே அதுதான்.

மண்ணாடிப்பட்டு கொம்யூன் பஞ்சாயத்தில், கரும்புக் கொல்லையைப் பார்த்தாற்போல இருக்கும் எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்கிறேன். என் தங்கை திருக்கனூர் கடைத்தெருவில் பேனர் வடிவமைக்கும் கடை வைத்திருக்கிறாள். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று எல்லாவற்றுக்கும் அவள்தான். அச்சடிக்கும் இயந்திரம் வில்லியனூரில் இருக்கிறது. படத்தைப் பென்டிரைவில் போட்டு டவுன் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டால் அங்கே ஆள் வந்து வாங்கிக்கொள்வார். அவளுடைய பழைய லேப்டாப்பில் நான்தான் என் கையால் இயங்குதளம் போட்டுக் கொடுத்திருந்தேன்.

பேனர் படங்கள் யானைக்குட்டி கனம். ஒருமுறை சேமிப்பதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். அதனால் கடைத்தெருவில் அவளைப் போன்றவர்கள் யாரும் வேலை நடுவில் சேமிப்பதில்லை. கரன்ட் போனால் ஒரு பட்டனை அழுத்தித் 'தூங்க வைத்துவிடுவார்கள்'. கெர்னல் அப்போது நினைவகத்தில் இருப்பதை எல்லாம் அப்படியே ஹார்ட் டிஸ்க் வட்டில் எழுதிவிட்டு அணைந்துவிடும். மறுபடி எழுப்பும்போது விட்ட இடத்திலிருந்து எல்லாம் வந்து நிற்கும். தங்கை இதைப் பெரிய வரமாகவே நினைத்திருந்தாள்.

போன மழைக்காலத்தில் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெரியவர் அவள் கடைக்கு வந்தார். முன்பு கரும்பு வெட்டப் போனவர், இப்போது ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். மனைவி இறந்து கருமாதிக்குப் பேனர் வேண்டும். பிள்ளைகள் இல்லை. அந்தம்மா போட்டோ என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஆளாம், தனியாக ஒரு படம்கூட இல்லை. ஆதார் அட்டையில் இருக்கிறதே என்று தங்கை கேட்டிருக்கிறாள்.

"அது அவ மூஞ்சியே இல்லம்மா. யாரோ திருடி மாதிரி கீது. அத்த மாட்டி ஊரே பாக்கணுமா?"

யாரோ ஒருவர் கல்யாணத்தில் எடுத்த கூட்டப் படம் ஒன்று கிடைத்தது. அதில் அந்தம்மா பின்வரிசையில், இன்னொருத்தியின் தோளுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றார். அதிலிருந்து தங்கை முகத்தை இழுத்து வரைய ஆரம்பித்தாள். பெரியவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, நெற்றி இன்னும் கொஞ்சம் ஏறட்டும், புருவம் அப்படி இல்லை, கன்னம் இவ்வளவு சதை போடாது என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். பொழுது சாயும் நேரத்தில் தங்கை திரும்பிப் பார்த்தால் அவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுகிறார். "அவளேதாம்மா," என்றார். அப்போது பார்த்துக் கரன்ட் போனது. தங்கை வழக்கம்போலத் தூங்க வைத்துவிட்டுக் கடையைப் பூட்டினாள்.

மறுநாள் காலையில் காதுகுத்துக்காரர் ஒருவர் படங்களைப் பென்டிரைவில் கொண்டுவந்தார். அதைச் செருகிவிட்டு லேப்டாப்பை எழுப்பியிருக்கிறாள். அது எழவில்லை. புதிதாகப் பிறந்ததுபோல வெறும் திரை வந்தது. முந்தின நாள் திறந்து வைத்திருந்த எதுவுமே இல்லை. பதறிப்போய், பெரியவர் வருவதற்குள் வரைந்துவிடலாம் என்று கூட்டப் படத்தைத் திறந்து மறுபடி ஆரம்பித்துவிட்டாள். அந்த முகம் வரவில்லை. அப்புறம்தான் எனக்குப் போன் செய்தாள்.

"இன்னாடி பண்ண? ஏதாச்சும் தொறந்தியா?"

"தொறக்காம எப்பிடிக்கா? வேல பாக்க வாணாமா?"

"யாருடி ஒன்னத் தொடச் சொன்னது! அணைச்சுத் தொல, நான் வரேன்!"

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன். கெர்னல் குறித்து வைத்திருந்ததைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. பென்டிரைவ் செருகியிருந்தால் அந்த ஃபர்ம்வேர் தனக்கென்று ஒரு துண்டு நினைவகத்தைக் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது. நேற்றைய வரைபடம் ஒன்று, இன்றைய வரைபடம் இன்னொன்று. எல்லை ஒரு முழம் நகர்ந்திருந்தாலும் கெர்னல் பழையதைத் திரும்ப ஏற்றாது. ஏற்றினால் ஃபர்ம்வேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் போய் விழுந்து எல்லாம் நாசமாகும். எங்கள் ஆட்கள் வேண்டுமென்றே வைத்த காவல் அது. அதன் மேல் குறை சொல்ல முடியாது, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

பென்டிரைவைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தேன், வரைபடம் நேற்றுப் போலவே வந்தது. தூங்கப் போனபோது எழுதிய நகல் வட்டில் இன்னும் கிடக்கும், அதை எழுப்பிவிடலாம் என்று ஒரு நிமிடம் துள்ளினேன். ஆனால் தங்கை காலையில் திறந்த பெரிய படம் நினைவகத்தில் கொள்ளாமல் வழிந்து, வட்டில் அதே இடத்தில் போய் உட்கார்ந்திருந்தது. நகலில் பெரும்பாலானது போய்விட்டது.

"நான்தாங்கா கெடுத்துட்டேன்," என்று தங்கை அழுதாள். அவள் என்ன கெடுத்தாள் பாவம்? சுறுசுறுப்பாக வேலை பார்த்தாள், அவ்வளவுதான். போனில் கத்தியதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

மத்தியானம் பெரியவர் வந்தார். சொன்னோம். எங்களைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. "அப்ப இன்னொரு தபா போடும்மா" என்று அதே ஸ்டூலில் உட்கார்ந்தார். தங்கை வரைந்தாள். நெற்றியை ஏற்றினாள், புருவத்தை மாற்றினாள். அவர் சொன்னதை எல்லாம் செய்தாள். கடைசியில் அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தார்.

"அவ தங்கச்சி மாதிரி கீது. பரவால்ல, இதயே அடிச்சிடுங்க."

மறுநாள் கருமாதி. வேறு வழியில்லை, அதுவே தெருமுனையில் ஏறியது. வந்தவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்று சொன்னார்களாம். அவர் மட்டும் அந்தப் பக்கம் தலை திருப்பவில்லை என்று தங்கை வந்து சொன்னாள்.

அந்த வாரமே வழியைப் போட்டேன். இந்த மாடல் என்றால் அந்தத் துண்டைக் கெர்னல் தொடவே கூடாது, வரைபடத்தை ஒப்பிடும்போதும் அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. கைக்கு அடங்கும் நாலைந்து வரிகள். பென்டிரைவோடு எழுப்பினேன், இல்லாமல் எழுப்பினேன், இரண்டிலும் சமத்தாக எழுந்தது. தூர தேசத்தில் இருக்கும் சக வேலைக்காரர்கள் நல்ல வேலை என்று எழுதினார்கள். படிக்கப் படிக்கக் கசந்தது. கருமாதி முடிந்த பிறகு வந்த வழி யாருக்கு வேண்டும்?

மனசு ஆறவில்லை. அந்த வட்டை அப்படியே நகல் எடுத்து வைத்திருந்தேன். அழியாமல் தப்பிய துணுக்குகளை வேலை நேரம் போக மீதி நேரத்தில் துழாவினேன். துழாவித் துழாவி ஒரு கீற்று கிடைத்தது. நெற்றி, பொட்டு, புருவம், இரண்டு கண்கள். மூக்கு தொடங்கும் இடத்தில் வெட்டினாற்போல் சாம்பல் நிறம். காட்டலாமா, வேண்டாமா என்று தங்கையும் நானும் மாற்றி மாற்றிச் சண்டை போட்டோம். கடைசியில் அச்சுப் போட்டு நானே எடுத்துக்கொண்டு போனேன்.

பெரியவர் வீட்டுக்குள் சோறு வடிக்கப் போகும் நேரம். கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். வெளிச்சத்துக்கு வந்து நின்று பார்த்தார்.

"இவதான்," என்றார். "இவதாம்மா அன்னிக்கு வந்தவ."

"அவ்ளோதான் பெரிப்பா கெடச்சிது. கீழ வரல."

அவர் விரல் அந்தச் சாம்பல் நிறத்தில் மெல்லப் போய் வந்தது.

"வாய் வந்திருந்தா இந்நேரம் என்னத் திட்டிகினு இருப்பா. சோறு கொழயுது, அங்க இன்னா பராக்கு பாத்துகினு நிக்கறன்னு."

சிரிக்கத்தான் தொடங்கினார். பிறகு அது சிரிப்பாக இல்லை. உள்ளே சோறு அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. அவர் நகரவில்லை. நான் போய் அடுப்பை அணைத்தேன்.