ஆட்டத்தின் நடுவே கேட்ட வெடி

அமெரிக்காவிலிருந்து மகன் அனுப்பிய வீடியோவில், பேஸ்பால் ஆட்டம் முடிந்ததும் வாணவேடிக்கை விட்டார்கள். என்னால் முழுதாகப் பார்க்க முடியவில்லை.

ஐம்பதுகளில், சிவகாசி மிஷன் பள்ளியில் எங்களுக்கு அந்த ஆட்டத்தைச் சொல்லித்தந்தவர் ஓர் அமெரிக்க ஆசிரியர். ஒரு மாலை என் தோழி மரியாள் பந்தை வீசக் கையை ஓங்கியபோது, ஊருக்குத் தெற்கே பெரிய வெடிச்சத்தம் கேட்டது. ஆசிரியர் சிரித்தார்.

"எங்கள் தேசத்தில் ஆட்டம் ஜெயித்தால் இப்படித்தான் வெடி வெடிப்பார்கள்" என்றார்.

"அங்கனதான் சார் எங்கம்மா வேலை பாக்குற பட்டாசுக் கம்பெனி இருக்கு" என்றாள் மரியாள்.

நாங்கள் எல்லோரும் ஓடினோம். அவரும் பின்னால் ஓடிவந்தார்.

மரியாளின் அம்மா பிழைக்கவில்லை. கம்பெனி வாசலில் ஆசிரியர் மண்ணில் உட்கார்ந்து, "எனக்குத் தெரியாதம்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மரியாள் அவர் தோளைத் தொட்டு, "நீங்க அழாதீக சார்" என்றாள்.