பதினோரு வருட அனுபவமுள்ள பதினாறு வயதுக்காரர்கள்

பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொள்ளும், பிள்ளைகளுக்கெல்லாம் அக்காவான ஒருத்தியைப் பற்றி எங்கள் தெருவில் ஒரு பேச்சு ஓடுகிறது. பிள்ளைகளை வைத்துத் தலைமையாசிரியருக்கு வலை விரித்தாளாம். பயிற்சிக்குப் பிள்ளைகளை எடுக்க வந்த கம்பெனிக்காரம்மா முன்னால் அவர் மானத்தை வாங்கி, அதை வைத்தே மிரட்டித் தன் வேலையை நிரந்தரமாக்கிக்கொண்டாளாம். இதை முதலில் அவிழ்த்துவிட்டது அவளுடைய சொந்த நாத்தனார். ஜெராக்ஸ் கடைக்காரர் கை கால் வைத்தார். என் காதுக்கு வந்து சேர்ந்தபோது அக்கா தலைமையாசிரியரின் காரையும் எழுதி வாங்கியிருந்தாள்.

நடந்ததை நான் சொல்கிறேன். பாதி, என் சொந்த அக்கா மகன் சொன்னது; அவன் அந்தப் பள்ளியில்தான் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். மீதி, அவளே சொன்னது.

பதினோரு வருடமாக அவள் தற்காலிகம். அறையைத் திறப்பது, எலி கடித்த வயரை ஒட்டுவது, கீபோர்டுக்கு அடியில் பிள்ளைகள் ஒட்டிவைத்த சூயிங்கத்தைச் சுரண்டுவது, ஆசிரியர்களின் மதிப்பெண்களை ஏற்றுவது, தலைமையாசிரியருக்கு வரும் மெயிலைப் படித்து அவருக்கே விளக்குவது எல்லாம் அவள்தான். 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்பதைத்தான் ஒவ்வொரு வருடமும் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுப்பார்கள். அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். "லிஃப்டாவது மேல போகும், கீழ வரும். உன் வேலை நின்ன இடத்துலயே நிக்குது" என்பார்.

இப்படியிருக்க, ஒரு கம்பெனி விடுமுறையில் சில பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க முன்வந்தது. ஆனால் பிள்ளைகள் எல்லோருக்கும் இணையத்தில் புரொஃபைல் இருக்கவேண்டும். வேலை தேடுகிறவனும் வேலை கொடுக்கிறவனும் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைக்கும் தளம் ஒன்று இருக்கிறதே, அதில். தலைமையாசிரியர் அக்காவைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, பதினொண்ணாம் வகுப்பு மொத்தத்துக்கும் போட்டுடணும். வெள்ளிக்கிழமை கம்பெனிக்காரம்மா வர்றாங்க."

"ரெண்டு நாள்தானே சார் இருக்கு?"

"இது நல்லபடியா முடிஞ்சா உங்க ஃபைலை நானே மேல அனுப்பறேன்."

அந்த ஒரு வார்த்தைக்காக அவள் தலையாட்டினாள்.

முதலில் போட்டோ. கோட்டு போட்டால்தான் மதிப்பு என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். பள்ளியில் இருந்தது ஒரே கோட்டு, நாடகத்துக்கு வாங்கியது. ஒல்லிப் பையன்களுக்கு முதுகில் துணி கிளிப் போட்டு இறுக்கினார்கள். குண்டுப் பையன்களுக்கு முன்பக்கம் மட்டும் போர்த்தினார்கள். வகுப்பு முழுவதும் ஒரே கோட்டில், ஒரே சுவர் முன்னால், பல்வலி வந்த அமைச்சர்கள் மாதிரி நின்றது.

அடுத்து பெற்றோர் படையெடுப்பு.

"என் பையனுக்குத் தலைமைப் பண்பு இருக்குன்னு போடும்மா" என்றார் ஒரு அப்பா.

"எதை வச்சுச் சொல்றீங்க அண்ணே?"

"வீட்ல ஒருத்தர் பேச்சையும் கேக்கமாட்டான்."

இவர்களையெல்லாம் அனுப்பிவிட்டு உட்கார்ந்தபோது அவளுக்கு மண்டை வெடித்தது. ஒவ்வொரு பிள்ளையிடமும் பேசி, அது என்ன செய்யும், எதில் கெட்டி என்று கேட்டு எழுதவைப்பதுதான் முறை. அவள் அதைச் செய்யவில்லை. மாதிரிக்கென்று தன் கதையையே போர்டில் எழுதிப் போட்டாள்: 'பதினோரு வருட அனுபவம். பள்ளியின் கம்ப்யூட்டர் அனைத்தையும் ஒற்றை ஆளாகப் பராமரிக்கிறேன். கீபோர்டில் கொட்டிய ஜூஸ் முதல் சாவி தொலைந்த கதவு வரை எதையும் சமாளிப்பேன்.'

"இது என் கதை. இதைப் பார்த்து உங்க கதையை எழுதுங்க" என்று தெளிவாகத்தான் சொன்னாள். ஆனால் அந்தப் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பிலிருந்து கற்றுக்கொண்ட ஒரே வித்தை, போர்டில் இருப்பதை ஒரு புள்ளி பிசகாமல் இறக்குவது. இறக்கினார்கள்.

அவள் படித்துப் பார்த்தாளா? இல்லை. எல்லாக் கட்டமும் நிரம்பினால் அந்தத் தளமே பச்சை நிறத்தில் 'முழுமை' என்று காட்டும். அவள் பச்சையை மட்டும் பார்த்தாள். தலைமையாசிரியர் கேட்டதும் அதைத்தான்.

"எல்லாம் பச்சையா?"

"பச்சை சார்."

பிள்ளைகள் போனபிறகும் அவர் நகரவில்லை. "எனக்கும் ஒண்ணு போட்டுக்கலாம்னு பார்க்கறேன்" என்று இழுத்தார்.

"நான் போட்டுத் தரட்டா சார்?"

"எதுக்கு? அதான் போர்டுல இருக்கே."

வெள்ளிக்கிழமை கம்பெனிக்காரம்மா வந்து ஆசிரியர் அறையில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தார். முதலில் போனவன் வகுப்பிலேயே உயரமான நெட்டை.

"பதினோரு வருஷ அனுபவமா?"

"ஆமா மேடம்."

"உனக்கு என்ன வயசு?"

"பதினாறு."

"அப்ப அஞ்சு வயசுல வேலைக்குச் சேர்ந்துட்டே?"

நெட்டை கொஞ்சம் யோசித்தான். "சின்ன வயசுலேர்ந்தே ஆர்வம் மேடம்."

அடுத்து லாண்டரிக்காரர் மகள். அவளுக்கும் பதினோரு வருடம். "நீயும் சாவி தொலைஞ்ச கதவைத் திறப்பியாம்மா?"

"தேவைப்பட்டா திறப்பேன் மேடம்."

அந்தம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தலைமையாசிரியருக்கு வேர்த்துக் கொட்டியது. கதவோரம் நின்ற அக்காவைக் கை காட்டினார். "தற்காலிக ஆளுங்களை நம்பினா இப்படித்தான் மேடம். இந்த மாசத்தோட இவங்களை நிறுத்திடறேன்."

அக்காவுக்கு நிரந்தரம் கேட்கப் போய், இருந்ததும் போயிற்று.

"இருங்க சார்" என்றார் அந்தம்மா. "வர்றதுக்கு முன்னாடி உங்க புரொஃபைலையும் பார்த்தேன். கீபோர்டுல கொட்டின ஜூஸை நீங்களும் துடைக்கறீங்களாமே?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணக்கு வாத்தியார் அவசரமாகத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, குடித்தார், குடித்தார், குடித்துக்கொண்டே இருந்தார்.

"அது வந்து மேடம்... பொதுவா எழுதினது."

"நிஜமா இதையெல்லாம் செய்யறது யாரு?"

கணக்கு வாத்தியார்தான் பாட்டிலை இறக்கிவிட்டு, அதன் மூடியால் கதவோரம் காட்டினார்.

"பதினோரு வருஷமா தற்காலிகமா? அவங்க வேலையை உங்க பேர்ல போட்டுக்கிட்டு அவங்களையே நிறுத்தப் போறீங்களா?"

"ஃபைல் மேசைமேலதான் இருக்கு மேடம். இன்னிக்கே அனுப்பிடறேன்."

அனுப்பினார். அந்தம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதம் ஆர்டர் வந்தது.

அந்தம்மா லேப்டாப்பை மூடிவிட்டுப் பிள்ளைகளிடம் சும்மா பேசி நாலு பேரை எடுத்தார். துணி மாறிப்போனது என்று கத்த வருகிறவர்களை நிற்கவைத்துச் சமாளிக்கும் கதையைச் சொல்லி, லாண்டரிக்காரர் மகள் இடம்பிடித்தாள். என் அக்கா மகனுக்குக் கிடைக்கவில்லை. என் அக்கா அதற்காக இவளோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். மகனின் அனுபவம் வீணாகிவிட்டதாம்.

போன வாரம் தெருப்பேச்சை அப்படியே கம்ப்யூட்டர் அறை அக்காவிடம் ஒப்பித்தேன். கம்ப்யூட்டர் மேசைக்கு அடியில் குனிந்து பிளக்கைத் தேடிக்கொண்டிருந்தவள், தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"வலையும் இல்ல, மண்ணும் இல்ல அண்ணே. அன்னிக்கு எனக்குத் தலைவலி. அத்தனை பேர்கிட்டயும் தனித்தனியாப் பேசச் சோம்பேறித்தனம். அவ்வளவுதான். மிரட்டத் தெரிஞ்சிருந்தா முதல் வருஷமே மிரட்டியிருக்கமாட்டேனா?"