கதவைச் சாத்திவிட்டுச் சொன்னது

சட்டக் கல்லூரியில் அவளுக்குக் கேள்வியம்மா என்று பெயர். வகுப்பில் கேள்வியாகக் கேட்டுத் துளைக்கிற ஆசிரியைக்கு மாணவர்கள் வைத்த பட்டம். கணவர்கூட, "கேள்வியம்மா, சாப்பிட வரலாமா, இல்ல அதுக்கும் மனு போடணுமா?" என்று வீட்டில் கிண்டலடிப்பார். முறைத்தாலும் உள்ளூர அவளுக்குப் பெருமைதான். மனித உரிமைச் சட்டத்தைப் புத்தகத்தைப் பார்த்து ஒப்பிக்கிற ஆசிரியர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. நீச்சலைக் கரும்பலகையில் எழுதிச் சொல்லித்தர முடியுமா என்று முதல்வரிடம் மல்லுக்கு நின்று, தட்டுமுட்டுச் சாமான் கிடந்த அறை ஒன்றைச் சட்ட உதவி கிளினிக்காக மாற்றினாள். குறை உள்ளவர்கள் அங்கே வருவார்கள். மாணவர்கள் கேட்டு எழுதி மனு தயாரிப்பார்கள். இவள் பக்கத்தில் உட்கார்ந்து திருத்துவாள், திட்டுவாள்.

நேரடியாக ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் ஒத்திகை உண்டு. ஒருவர் மனுதாரராக நடிக்க வேண்டும், இன்னொருவர் வக்கீலாகக் கேட்க வேண்டும், மற்றவர்கள் பார்த்துக் குறை சொல்ல வேண்டும். கதையை இவள்தான் கட்டுவாள். நாளாக ஆக அவளுடைய கதைகள் உப்புச்சப்பில்லாமல் போயின. மாணவர்களும் கொட்டாவி விட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் வேன்காரம்மா வந்தாள். பள்ளி வேன் ஓட்டுகிறவள். பள்ளி வாசலில் வண்டி நிறுத்தியதில் ஒரு போலீஸ்காரருடன் வாய்த்தகராறு. அவர் அவளை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்ச் சாயங்காலம்வரை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். மாணவர்கள் அதை எழுதி மனித உரிமை ஆணையத்துக்கு அனுப்பினார்கள். எல்லாரும் போன பிறகு வேன்காரம்மா எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

"பாத்ரூம் போகணும்னு கெஞ்சினேன் மேடம். சிரிச்சாங்களே தவிர விடல. கடைசியில அந்த பெஞ்சுலயே... எல்லாரும் பாக்க, துணியெல்லாம் நனைஞ்சுபோச்சு. எங்க வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது."

கேள்வியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இதுதாம்மா உங்க கேஸே. இது இல்லன்னா அந்த ஆளை எச்சரிச்சு விட்டுடுவாங்க. விசாரணையில நீங்க வாயால சொல்லணும்."

"அன்னிக்கு நானே சொல்றேன். அதுவரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும்."

"என்னைத் தாண்டிப் போகாது," என்றாள் இவள். மனசார வாக்குக் கொடுத்தாள், அதில் சந்தேகமே வேண்டாம்.

அடுத்த அணி மாணவர்கள் வந்தார்கள். அவமானப்பட்டவரிடம் எப்படிக் கேட்பது என்பதை இவர்களுக்குப் புரிய வைக்க வேண்டும். வேன்காரம்மாவைப் பால்காரியாக்கினாள், ஊரை மாற்றினாள், வயதைக் குறைத்தாள். இந்தத் தொழிலில் எல்லாரும் செய்கிற காரியம்தான். அடையாளத்தை அழித்துவிட்டால் கதை யாருடையதும் இல்லை என்று ஒரு நினைப்பு. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? அந்த ஒரு கேள்வி மட்டும் இந்த மகராசிக்குத் தோன்றவில்லை.

நடிக்க வந்த மாணவி நாடகத்தில் பரிசெல்லாம் வாங்கினவள். காலை இறுக்கிக்கொண்டு நெளிந்தாள், வளைந்தாள். வக்கீலாக உட்கார்ந்தவன், "எவ்வளவு நேரம் அடக்கி வெச்சிருந்தீங்க?" என்று கேட்க, வகுப்பே குலுங்கிச் சிரித்தது. அடக்க வேண்டிய கேள்வியம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே திரும்பினாள். வாசலில் வேன்காரம்மா நின்றுகொண்டிருந்தாள்.

வண்டிக் காகிதங்களின் நகலைக் கொண்டுவரச் சொன்னது இவள்தான். பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு அவள் வந்திருந்தாள். காகிதங்களை ஓரத்து மேசையில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். இவள் பின்னாலேயே ஓடினாள்.

"பேரைச் சொல்லலம்மா. வேலையைக்கூட மாத்தித்தான்..."

"பால்காரின்னு காதுல விழுந்துச்சு மேடம்." வேன் கதவைத் திறந்தாள். "ஆனா நனைஞ்சது நான்தானே."

"தப்புதாம்மா. பெரிய தப்பு. மன்னிச்சிடுங்க."

"அந்தப் பசங்க சின்னதுங்க, விடுங்க. நீங்களும் சிரிச்சீங்க."

வேன் போய்விட்டது. கேள்வியம்மாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வகுப்புக்குள் போய் உண்மையைச் சொன்னாள். நடித்த பெண் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. கணவர் என்னவென்று கேட்டபோது தலைவலி என்று மழுப்பினாள். வேறு வக்கீல் ஏற்பாடு செய்யட்டுமா என்று வேன்காரம்மாவுக்குச் சொல்லி அனுப்பினாள். வேண்டாம், மனு இருக்கிறபடி இருக்கட்டும் என்று பதில் வந்தது. அந்தப் பதிலில் கொஞ்சம் நம்பிக்கைகூட வைத்தாள், பாவம்.

விசாரணை நாளில் வேன்காரம்மா வீட்டுக்காரரோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். இவள் கடைசி வரிசையில் குறுகி உட்கார்ந்தாள். ஆணையத்தின் உறுப்பினர் வயதான மனிதர், பொறுமையாகக் கேட்டார். பெஞ்சில் உட்கார வைத்ததை வேன்காரம்மா கோர்வையாகச் சொன்னாள். முடித்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"வேற ஏதாவது நடந்துச்சாம்மா? உங்களை யாராவது அவமானப்படுத்தினாங்களா? பயப்படாம சொல்லுங்க."

சொல்லிவிடு தாயே, என்று கேள்வியம்மா மனசுக்குள் கெஞ்சினாள். தானே எழுந்து சொல்லிவிடலாமா என்றுகூடக் கால் பரபரத்தது. மறுபடியுமா? நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

வேன்காரம்மா திரும்பி, கூட்டத்தைத் துழாவி, கடைசி வரிசையில் இவளைக் கண்டுபிடித்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உறுப்பினர் பக்கம் திரும்பினாள்.

"ஸ்டேஷன்ல இல்லைங்க," என்றாள்.

எதிர்ப்பக்கம் விறைப்பாக உட்கார்ந்திருந்த போலீஸ்காரர் மெதுவாக நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.