மேரிசெலின் அக்காவும் என் கடவுச்சொல்லும்

கிம்னாசியம் எனும் மேல்நிலைப் பள்ளியை முடித்து ஒரு வருடமாகிறது. இதற்குள் மூன்று படிப்புகளுக்கு விண்ணப்பித்து, மூன்றும் எனக்குச் சரிவராது என்று தீர்ப்பும் சொல்லிவிட்டேன். அதனால் எங்கள் தமிழ்ச் சங்க மலருக்கு மேரிசெலின் அக்காவைப் பற்றி எழுதும் வேலை என்னிடம் வந்தது. டென்மார்க்கின் இந்த ஹோர்சன்ஸ் ஊரில் சும்மா இருப்பவள் நான்தானே.

அக்கா மட்டக்களப்பில் பிறந்தவர். இங்கே வந்து முதலில் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை, பிறகு மாலை வகுப்பு, இப்போது எங்கள் பகுதி இணையப் பரிமாற்ற நிலையத்தில் தொழில்நுட்பப் பொறுப்பு. இவ்வளவையும் முதல் நாளே எழுதிவிட்டேன். எழுதத் தயங்கியது இனி வருவது.

2009 வைகாசியில் இலங்கையில் சண்டை முடிந்தது. வவுனியா முகாம்களிலிருந்து யாராவது தொலைபேசி எடுத்தால், அங்கே கண்டவர்களின் பெயர்களைக் கேட்டு எங்கள் சங்கம் ஒரு பட்டியல் சேர்த்தது. அதை இணையத்தில் ஏற்றியவள் நான். ஊரில் இன்னொரு தமிழ்ச் சங்கமும் உண்டு. அவர்களுடைய பட்டியலை என்னோடு படித்த துஷ்யந்தன் வைத்திருந்தான். அவன் எங்கள் பெயர்களைக் களவெடுத்துவிடுவான் என்று நான் கடவுச்சொல் போட்டேன். அவனும் போட்டான். முகாமில் அடைபட்டவர்களை நாங்கள் இருவரும் இங்கேயும் பூட்டி வைத்தோம். அந்தப் பூட்டை நினைத்து எனக்குப் பெருமை வேறு.

அக்காவின் அண்ணன் பேனாட் வன்னியில் லொறி ஓடியவர். மாசி மாதத்துக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. எங்கள் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை.

"துவாரகா, துஷ்யந்தனிட்டயும் ஒருக்காக் கேளன்," என்றார் அக்கா.

அடுத்த நாள் சொன்னேன்: "கேட்டனான் அக்கா. இல்லையாம்."

நான் கேட்கவேயில்லை. அவனிடம் போய் நிற்க என் மானம் இடம் தரவில்லை. வேலையில்லாத எனக்கு மானத்துக்கு மட்டும் குறைவில்லை.

ஒன்பது நாள் கழித்து, மலருக்கான குறிப்புக் கொப்பியோடு அக்காவின் வேலையிடத்துக்குப் போனேன். பெரிய கட்டளை மையம் ஒன்றை எதிர்பார்த்தேன். இருந்தது குளிரான ஒரு சின்ன அறை, இரைகிற ஓர் அலுமாரி, அதற்குள் மஞ்சள் கேபிள்கள்.

"இது எந்தக் கொம்பனியின்ர?"

"ஒருத்தன்ரயும் இல்லை. எல்லாருஞ் சேர்ந்த சங்கம். லாபம் எடுக்கிறேல்ல. ஒவ்வொரு கொம்பனியும் ஒரு கேபிள் கொண்டந்து இதில குத்தும். முந்தி நீ அடுத்த வீட்டுக்கு ஒரு படம் அனுப்பினாலும், ரெண்டு வீடும் வேற வேற கொம்பனி எண்டால், அது கொப்பன்ஹேகன் போய்த்தான் திரும்பி வரும். இப்ப இந்த அலுமாரிக்குள்ளயே கை மாறுது."

"போட்டிக் கொம்பனிகள் எல்லே? எப்பிடி ஒத்துக்கொண்டினம்?"

"போட்டி வெளியில, பிள்ளை. இஞ்ச குடுக்காட்டி ரெண்டு பேற்ற ஆக்களுக்கும்தான் சுணக்கம்."

நான் அதை அழகாக எழுதிக்கொண்டிருந்தேன். அக்கா ஒரு கேபிளைச் சரிசெய்தபடி கேட்டார்: "துஷ்யந்தன் பிறகு ஒண்டும் சொல்லேல்லையோ?"

பேனை நின்றுவிட்டது.

"அக்கா... நான் அவனிட்டக் கேக்கேல்ல."

அவர் திரும்பிப் பார்த்தார். திட்டவில்லை. தன் தொலைபேசியை என் கையில் வைத்தார். "இப்ப கேள்."

துஷ்யந்தன் உடனே எடுத்தான். "லொறி ஓடின பேனாட்டோ? ரெண்டு கிழமையா எங்கட பட்டியலில இருக்கிறார். முகாம் நம்பரும் இருக்கு. ஏனடி இவ்வளவு நாளும் கேக்கேல்ல?" பிறகு குரலைத் தாழ்த்தினான். "உங்கடையில தவமணி எண்டு ஆரும்... என்ர சித்தி."

இருந்தார். நானே தட்டச்சுச் செய்த பெயர்.

நான் அந்த அறையிலும் துஷ்யந்தன் தொலைபேசியிலுமாக, இரண்டு கடவுச்சொற்களையும் நீக்கினோம். சங்கத் தலைவர்களிடம் அனுமதி கேட்கவில்லை. மலரில் இது வந்தால்தான் அவர்களுக்கே தெரியவரும்.

பேனாட் அண்ணையோடு அக்கா ஞாயிற்றுக்கிழமை கதைத்தார். என்னோடு கதைக்க இன்னும் மூன்று கிழமை எடுத்தது. அதுவும், "தள்ளி நில், கேபிளை மிதிக்கிறாய்," என்றுதான்.