கோட்டில் குத்திய அட்டை

"செல்வம் அண்ணை தனியே வெளியே போகக்கூடாது." 1987 ஜனவரி நாட்குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன். அந்தச் சட்டத்தைப் போட்டவன் நான்தான். உறைபனிப் படியில் விழுந்து தலையில் அடிபட்ட பிறகு, கனடாவின் சென்ட் லோரன்டில் நாங்கள் சேர்ந்து குடியிருந்த வீட்டின் விலாசம்கூட அவர் நினைவில் நிற்பதில்லை. அதை ஓர் அட்டையில் எழுதி அவருடைய கோட்டில் குத்தியிருந்தேன்.

ஒரு பிற்பகல் அவரைக் காணவில்லை. தேடிக் களைத்துத் திரும்பினால், வாசலில் கைக்குழந்தையோடு ஓர் அந்நியப் பெண். அந்த அட்டை அவளுடைய சால்வையில் இருந்தது.

"ஊரிலயிருந்து நேற்றுத்தான் வந்தனாங்கள். மனுசன் போன் எடுக்கப் போனவர், காணேல்லை. பிள்ளை விறைக்குதெண்டு ஒரு அண்ணை இதைக் குத்தி டாக்சியில ஏத்தினவர். என்ர மனுசனைத் தேடிக் கூட்டிக்கொண்டு வாறாராம்."

அட்டை இல்லாமல் அண்ணை எப்படி வருவார்?

ஒரு மணி நேரத்தில் கதவு திறந்தது. அண்ணையும் அவளுடைய கணவரும்.

"எப்பிடி அண்ணை வந்தனீங்கள்?"

"நடந்துதான். வாய் பாக்காமல் தேத்தண்ணி போடும்!"

பிறகு நான் அட்டை குத்தவில்லை. புதிதாக வருவோரை வீடு சேர்ப்பது அவருடைய வேலையாயிற்று. நினைவு திரும்பாமலே ஒரு மனிதர் முழுதாகத் திரும்பியதைப் பார்த்தேன்.

அன்று வரும் வழியில் அண்ணை எவரிடமும் பாதை விசாரிக்கவில்லை என்று அந்தப் பெண்ணின் கணவர் சொன்னார். அது உண்மையா என்பதை மட்டும் இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.