கொடிநாள் கொடி

பட்டா மாற்றக் கன்னிவாடியிலிருந்து பஸ் ஏறி, நாலாவது தடவையாகத் தாலுகா ஆபீசுக்குப் போனேன். அன்று கொடிநாளாம். கிளார்க் என் மனுவைத் தேடவே இல்லை. ஒரு கொடியை நீட்டினார்.

“வாங்கிக்கங்க. ராணுவக் குடும்பங்களுக்குப் போற காசு. நாட்டுக்காக இம்புட்டுகூடச் செய்ய மாட்டீகளா?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தால் பட்டா இன்னும் இழுக்கும் என்று வாங்கிக்கொண்டேன். எல்லையில் கண்ணிவெடி தின்றதுபோக மிச்சமிருக்கும் மூன்று விரலால் குண்டூசியைக் குத்தத் திணறினேன். அவரே எழுந்து வந்து சட்டையில் குத்திவிட்டார்.

“விரலு மில்லு மெஷின்ல போச்சாக்கும்?”

“ஆமா, மில்லுலதான்” என்றேன்.

எட்டு மாதமாக அவர் மேசையில் கிடக்கும் என் மனு, ‘முன்னாள் ராணுவ வீரனாகிய நான்’ என்றுதான் தொடங்குகிறது.